மூன்று கொட்டேஷன், ஒரே எழுத்துப்பிழை



கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். வாசிக்காமல் 'மாஷா அல்லாஹ்' மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம், இது அதற்கான பதிவு இல்லை.

சென்ற மாதம் எங்கள் பாடசாலை அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். தமிழ் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் மேசை, கதிரை திருத்திய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். உள்ளே மூன்று கொட்டேஷன்கள். மூன்று கடைகளின் தலைப்புத் தாள், மூன்று முத்திரை, மூன்று வேறு வேறு விலை. ஆனால் மூன்றிலும் 'தளபாடம்' என்ற சொல் 'தலபாடம்' என்று இருந்தது. ஒரே இடத்தில், ஒரே வரியில், ஒரே பிழை. மூன்று கடைக்காரர்களுக்கும் ஒரே தமிழ் வாத்தியார் படிப்பித்தாரோ என்று ஒருவர் கேட்டார். டீச்சர் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையை எடுத்து மூன்றையும் வட்டம் போட்டுவிட்டார்.

அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் கொள்வனவுக் குழு என்ற இடத்தில் இருக்கும் கையொப்பங்கள் எங்களுடையவை.

நாங்கள் யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. ஒரு பிளேன்டீகூடக் குடிக்கவில்லை. சுற்றுநிருபம் மூன்று விலை கேட்கச் சொன்னது, மூன்று விலை இருந்தது, குறைந்ததைத் தெரிவு செய்தோம், கையொப்பம் வைத்தோம், வகுப்புக்குப் போய்விட்டோம். மூன்று தாள்களும் ஒரே கவரில், ஒரே ஆளின் கையால் வந்தன என்பது அன்று எங்கள் கண்ணில் படவில்லை. பட்டதா, படவில்லையா என்பதை அல்லாஹ் அறிவான். ஊரில் எல்லோரும் செய்வதைப் போலத்தான் செய்தோம். அந்த மேசைகளில் பாதிக்கு இப்போது கால் ஆடுகிறது.

எந்தக் கடை, எந்த வருடம் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை அந்த ஒரு மனிதரைப் பற்றியதாக மாறிவிடும், நாமெல்லாம் தப்பிவிடுவோம். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் வேறொரு கோப்பைத் திறக்கிறோம். அது அமெரிக்காவில், சுமார் 65 வருடங்களுக்கு முன் திறக்கப்பட்டது.

அமெரிக்காவின் தென்பகுதியில் டெனசி என்று ஓர் ஆறு. அதன் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் வறுமைக்குப் பேர்போன இடம். வெள்ளம், மலேரியா, மின்சாரமில்லாத வீடுகள். 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கென்று ஓர் அரசாங்க அதிகார சபை அமைக்கப்பட்டது. சுருக்கமாக டீ.வீ.ஏ. என்பார்கள். அணை கட்டி, மின்சாரம் எடுத்து, மலிவு விலைக்கு மக்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. நம்முடைய மகாவலித் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது பலர் இதை உதாரணம் காட்டுவார்கள்.

மின்சாரம் எடுக்க இயந்திரம் வேண்டும். டேர்பைன், டிரான்ஸ்போமர், சுவிட்ச்கியர், இன்சுலேட்டர், கம்பி. இவற்றையெல்லாம் டீ.வீ.ஏ. கேள்விப்பத்திரம் கோரித்தான் வாங்கியது. மூடி முத்திரையிட்ட உறைகள் வரும். குறித்த நாளில் எல்லோர் முன்னிலையிலும் திறப்பார்கள். குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். நம் பிரதேச சபையில் சந்தைக் குத்தகைக்குச் செய்கிற அதே முறை, தொகைதான் பெரிது.

1950களில் டீ.வீ.ஏ. அதிகாரிகளுக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. உறைகளைத் திறந்தால் விலைகள் ஒன்றாக இருந்தன. கிட்டத்தட்ட ஒன்று என்றில்லை, சதக் கணக்கு வரைக்கும் ஒன்று. மின்கம்பிக்கான ஒரு கேள்விப்பத்திரத்தில் ஏழு கொம்பனிகள் விலை கொடுத்திருந்தன. ஏழும் 198,438 டொலர் 24 சதம். முத்திரையிட்ட ஏழு உறைகளுக்குள்ளே அந்த 24 சதமும் சேர்ந்து ஒன்றாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று எங்கள் கணித ஆசிரியரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

கொம்பனிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பதில் இருந்தது. போட்டி அவ்வளவு கடுமையாக இருக்கிறது, அதனால்தான் எல்லோருடைய விலையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும்.

1959இன் தொடக்கத்தில் ஒரு பெரிய டேர்பைனுக்குக் கேள்விப்பத்திரம் போட்டபோது விஷயம் வெளியே வந்தது. 500,000 கிலோவாட் இயந்திரம். அமெரிக்காவின் இரண்டு பெரிய கொம்பனிகளான ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் 1 கோடியே 60 லட்சம் டொலருக்கு மேல் கேட்டன. இங்கிலாந்தின் பார்சன்ஸ் கொம்பனி சுமார் 1 கோடியே 21 லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னது. டீ.வீ.ஏ. இங்கிலாந்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டது. உடனே அமெரிக்கக் கொம்பனிகள் தேசபக்தியைக் கையில் எடுத்தன. நாட்டின் பாதுகாப்பு என்னாவது, நம் தொழிலாளியின் சோறு என்னாவது என்று ஒரே சத்தம். டீ.வீ.ஏ. தன் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டி வந்தது. இத்தனை வருடங்களாக எங்களுக்கு எப்படி விலை வந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்று ஒரே மாதிரி வந்த விலைகளை வெளியே வைத்தது. நொக்ஸ்வில் நகரத்துப் பத்திரிகையாளர் ஜூலியன் கிரேஞ்சர் 1959 மே மாதத்தில் அவற்றை அக்கம்பக்கமாக வைத்து எழுதினார்.

இரகசியமாக எதையும் அவர் தோண்டி எடுக்கவில்லை. அலமாரியில் தனித்தனியாகக் கிடந்த தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டன, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1890இலேயே ஷெர்மன் சட்டம் என்று ஒன்று இருந்தது. வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பது அதன்படி குற்றம். மத்திய அரசின் சட்டத்தரணிகள் பிலடெல்பியாவில் விசாரணையைத் தொடங்கினார்கள். அங்கே வெளிவந்தவற்றை வாசித்தால் திருட்டுப் படம் பார்ப்பது போல இருக்கும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரே விலையை எழுதிக் கொடுத்தவர்கள் உண்மையில் கெட்டிக்காரர்கள் இல்லை. கெட்டிக்காரர்கள் விலையை வேறு வேறாக எழுதினார்கள். சுவிட்ச்கியர் வியாபாரத்தில் நான்கு கொம்பனிகள் ஊரைப் பங்கு போட்டிருந்தன. மூடிய கேள்விப்பத்திர வியாபாரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு 45 வீதம், வெஸ்டிங்ஹவுஸுக்கு 35, மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து. ஐந்தாவதாக ஒருவன் வந்தபோது அவனை எதிர்த்துப் போட்டி போடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவனுக்கும் இடம் கொடுத்தார்கள்.

அந்தப் பங்கைக் காப்பாற்ற ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சந்திரனின் கலைகள்'. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முறை மாறும். இந்த இரண்டு வாரம் யார் குறைந்த விலை கொடுப்பது, அடுத்தவன் அதைவிட எவ்வளவு கூட்டிக் கொடுப்பது, மூன்றாமவன் அதைவிட எவ்வளவு என்று எல்லாம் தாளில் இருக்கும். உறையைத் திறக்கும் அதிகாரிக்கு விலைகள் வேறு வேறாகத் தெரியும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் வெல்வான், போட்டி நடப்பது போலவே இருக்கும். நாம் பிறை பார்த்து நோன்பு பிடிக்கிறோம், இவர்கள் பிறை பார்த்து விலை போட்டிருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு 'கிறிஸ்மஸ் அட்டைப் பட்டியல்' என்று பெயர். கூட்டத்துக்கு 'பாடகர் குழுப் பயிற்சி' என்று பெயர். தேவாலயத்தில் பாடுகிறவர்கள் ஒத்திகை பார்ப்பார்களே, அது. கொம்பனிகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். ஜெனரல் எலெக்ட்ரிக் 1, வெஸ்டிங்ஹவுஸ் 2, எலிஸ் சாமர்ஸ் 3. ஹோட்டலில் பதியும்போது கொம்பனியின் பெயரை எழுதக் கூடாது. காலையில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடக் கூடாது. அறையின் குப்பைக்கூடையில் ஒரு துண்டுத் தாளும் விட்டு வரக் கூடாது. கடிதம் அலுவலகத்துக்கு வரக் கூடாது, வீட்டுக்குத்தான், அதுவும் வெறும் கவரில். தொலைபேசி என்றால் பொதுத் தொலைபேசி. பயணச் செலவுக் கணக்கில் போன ஊரின் பெயரை எழுதாமல் அதே தூரத்தில் இருக்கும் வேறு ஊரின் பெயரை எழுதுவார்கள். தொகை சரியாக இருக்கும், ஊர்தான் பொய்.

இந்தக் கடைசி விஷயத்தை வாசித்தபோது எங்களில் ஒருவருக்கு வியர்த்தது. கருத்தரங்குக்குப் போன பயணப்படி படிவங்கள் நமக்கும் தெரியாதவை அல்லவே.

இவர்களால் மக்களுக்கு எவ்வளவு நட்டம்? அதைக் காட்டித் தந்தவர்களும் இவர்கள்தான். திருடர்களுக்குள்ளும் நம்பிக்கை நிலைக்காது. 1954ஆம் வருடக் கடைசியில் கூட்டுக்குள் சண்டை வந்து ஒருவரையொருவர் வெட்டி விலை குறைத்தார்கள். 1957இலும் அப்படியொரு தடவை நடந்தது. முதல் சண்டையில் சுவிட்ச்கியரின் விலை சில மாதங்களுக்குள் 45, 50 வீதம் விழுந்தது. இயந்திரம் அதேதான், தொழிற்சாலையும் அதேதான். பிறகு சமாதானமாகி மறுபடியும் கூடிப் பேசினார்கள், விலையும் மறுபடி மேலே போனது. அந்த வித்தியாசத்தைக் கட்டியவர்கள் நகர சபைகளும், மின்சார சபைகளும், அவற்றின் பின்னால் ஒவ்வொரு மாதமும் பில் கட்டிய டெனசிப் பள்ளத்தாக்கின் விவசாயியும்தான். அவனுக்கு இது தெரியவே தெரியாது. அவன் வீட்டில் யாரும் பூட்டை உடைக்கவில்லை.

கூட்டை உடைத்தது பெரிய துப்பறிவாளன் இல்லை. ஒரு சிறிய கொம்பனியின் விற்பனை அதிகாரி, எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிற பழக்கமுள்ளவர். தனக்குக் கீழே வரும் உதவியாளருக்குப் பழக்கிக் கொடுப்பதற்காக அந்த அட்டவணைகளைப் பத்திரமாக வைத்திருந்தார். கேட்டபோது கொடுத்துவிட்டார். யோசித்துப் பாருங்கள், வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு மோசடியையும் வேலையின் ஒரு பகுதியாகப் பழக்குகிறார்கள். 'தம்பி, மூணு கொட்டேஷன் எப்படி எடுக்கிறதெண்டு நான் காட்டித்தாறன்' என்று எங்களுக்கும் ஒரு மூத்தவர் முதல் வருடத்தில் சொல்லித் தந்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பாடத்திட்டம் எழுதுவது படித்தோம், வரவுப் பதிவேடு படித்தோம். இதைப் பாடசாலைக்கு வந்துதான் படித்தோம்.

1960இல் இருபது குற்றப்பத்திரிகைகள். 29 கொம்பனிகள், நாற்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள். 1961 பெப்ரவரி தொடக்கத்தில் நீதிபதி கலன் கேனி தண்டனை வழங்கினார். மொத்த அபராதம் 19 லட்சத்து 24 ஆயிரத்து 500 டொலர். அதில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு மட்டும் 437,500, வெஸ்டிங்ஹவுஸுக்கு 372,500. ஏழு பேருக்கு 30 நாள் சிறை. இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை.

முப்பது நாள்தானா என்று கேட்கலாம். ஆனால் ஆளைப் பாருங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் உப தலைவர்களில் ஒருவர் அந்த ஏழு பேரில் இருந்தார். வருட வருமானம் 135,000 டொலர், அந்தக் காலத்துப் பணத்தில். சிறுவர் கழகத்தின் பணிப்பாளர் சபையில் இருந்தவர். கத்தோலிக்கத் துறவிகளுக்கு ஒரு பயிற்சி மடம் கட்டும் நிதிக்குத் தலைவரும் அவர்தான். மற்றவர்களும் அப்படித்தான். தேவாலய நிர்வாகி, ஊனமுற்ற பிள்ளைகளுக்கு உதவும் அமைப்பின் புரவலர், ஊருக்கு நல்லது செய்பவர். அவர்களுடைய சட்டத்தரணிகள் இதையே வாதமாக வைத்தார்கள். இப்படிப்பட்ட கண்ணியமானவர்களைப் பணம் கையாடிய சாதாரணக் குற்றவாளிகளோடு சேர்த்து அடைப்பதா என்று ஒருவர் நீதிமன்றத்தில் கேட்டார். அந்த வாதத்தில் இருக்கும் வேடிக்கை அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

நீதிபதி அவர்களை அரக்கர்களாகப் பார்க்கவில்லை. மேலே இருப்பவர் விரும்புகிறார், கூட இருப்பவர் செய்கிறார், சம்பளமும் பதவியும் பாதுகாப்பாக இருக்கிறது, மனச்சாட்சியை அதைக் கொண்டு ஆற்றிக்கொண்ட மனிதர்கள் என்ற பொருள்படத்தான் பேசினார். உண்மையான பழி மேலே இருந்த முதலாளிகளுக்கு உரியது, அவர்களுக்கு இது தெரியாது என்று நம்புவது கடினம் என்பதும் அவருடைய கருத்து. ஆனால் அந்த மேலிடத்தவர் எவரும் கூண்டில் ஏறவில்லை. காரணம் ஒரு தாள்.

அந்தத் தாளின் பெயர் 20.5. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் உள் விதி அது. போட்டிக் கொம்பனிகளுடன் விலை பேசக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு முகாமையாளரும் அதில் கையொப்பம் வைத்திருந்தார்கள். வைத்துவிட்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டு, 'பாடகர் குழுப் பயிற்சிக்கு'ப் போனார்கள். பிடிபட்டதும் கொம்பனி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியது. எங்களிடம் விதி இருக்கிறது, இவர்கள்தான் மீறினார்கள் என்று தன் ஆட்களையே வீட்டுக்கு அனுப்பியது. வெஸ்டிங்ஹவுஸ் தன்னுடைய ஆட்களை வேலையில் வைத்துக்கொண்டது. எது மோசம் என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை.

செனட் சபை விசாரணையில் ஒருவர் சொன்னதன் சாரம் இது: சட்டவிரோதம்தான், ஆனால் குற்றம் இல்லை, நாங்கள் யாருக்கும் கெடுதி செய்யவில்லையே. கூட்டம் போட்டுக் குப்பைக்கூடையையும் துடைத்துவிட்டு வந்த மனிதர்களுக்குத் தாங்கள் செய்வது தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்துகொண்டே, இது வேறு வகை, பூட்டு உடைப்பது வேறு வகை என்று நம்பினார்கள். 'ஒரு சதம் வாங்கவில்லை, ஒரு பிளேன்டீ குடிக்கவில்லை' என்று மேலே எழுதினோமே, அதுவும் கிட்டத்தட்ட இந்த வாக்கியம்தான்.

இது காபிர்களின் முதலாளித்துவக் கதை, நமக்கென்ன என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் இன்னொரு ஊருக்குப் போவோம். 14ஆம் நூற்றாண்டு டமஸ்கஸ்.

நம்மில் பலர் அறிந்த ஒரு ஹதீஸ், புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. 'நஜ்ஷ்' தடுக்கப்பட்டது. வாங்கும் எண்ணமே இல்லாதவன் ஏலத்தில் நின்று பொய் விலை சொல்லுவதுதான் நஜ்ஷ். பள்ளிவாசல் முற்றத்தில் நேர்ச்சைக் கோழியை ஏலம் விடும்போது ஆளுக்காள் விலை ஏற்றி 5,000 ரூபாவுக்கு எடுப்பது வேறு விஷயம், அது ஸதகா என்று எல்லோருக்கும் தெரியும். நஜ்ஷில் ஒருவன் ஏமாறுகிறான். விற்கும் எண்ணமில்லாத கடைக்காரன் துணைக்கு ஒரு கொட்டேஷன் அடித்துக் கொடுத்தால் அது அதே வகையில் சேருமா, சேராதா? பத்வா கொடுக்க நாங்கள் ஆட்கள் இல்லை. மௌலவிமார் சொல்லட்டும்.

ஆனால் கூடிப் பேசி விலை வைப்பதைப் பற்றி நேராகவே எழுதியவர்கள் இருக்கிறார்கள். இமாம் இப்னு தைமிய்யா தன்னுடைய 'அல்ஹிஸ்பா'விலும், அவருடைய மாணவர் இப்னுல் கையிம் 'அத்துருக் அல்ஹுக்மிய்யா'விலும் எழுதியிருக்கிறார்கள். (பெயரைப் பார்த்ததும் அகீதாச் சண்டையைத் தொடங்க வேண்டாம். இந்த விஷயத்தில் அவர்கள் எடுத்துச் சொல்வது இமாம் அபூஹனீபாவின் வழியில் வந்த தீர்ப்பை.) அந்தக் காலத்தில் காணி, சொத்துகளைப் பங்கு பிரித்துக் கொடுக்கக் கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் ஒரு கூட்டாகச் சேரக் கூடாது என்று ஹனபி இமாம்கள் தடுத்தார்கள். காரணம் எளிமையானது. மக்களுக்கு அவர்களை விட்டால் வேறு ஆளில்லை, சேர்ந்துவிட்டால் கூலியை ஏற்றுவார்கள். கூலிக்கே இப்படி என்றால், குறித்த விலைக்குக் குறைய விற்பதில்லை என்று வியாபாரிகள் தங்களுக்குள் உடன்பட்டால் அதைத் தடுப்பது இன்னும் அவசியம் என்று அவர்கள் நீட்டிச் செல்கிறார்கள். வாங்குகிறவர்கள் கூடிப் பேசி, ஒருவன் வாங்குவதில் எல்லோருக்கும் பங்கு என்று வைத்துக்கொண்டு, விற்க வந்தவனின் பொருளை விலை இறக்குவதும் அப்படியே. இப்னுல் கையிம் இன்னும் ஒரு படி போய், மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்களும் சுமக்கிறவர்களும் கூட்டுச் சேர்வதைச் சந்தை அதிகாரி தடுக்க வேண்டும் என்கிறார். மையித்து வீட்டுக்காரன் எங்கே போய் மூன்று விலை கேட்பான்?

இப்னுல் கையிம் மௌத்தானது 1350இல். ஷெர்மன் சட்டத்துக்கு 540 வருடங்களுக்கு முன்பு. நாம் பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கிதாபு இருக்கும் மத்ரஸாவுக்குக் கட்டடம் கட்டும்போதுகூட நாம் எப்படி விலை எடுத்தோம் என்று சிலருக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் தீவில் இது புதிதுமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை, பாதைச் சுங்கம், நெல் வரி அறவிடும் உரிமை எல்லாம் ஏலத்தில் குத்தகைக்குப் போயின. ஏலத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே பேசி விலையை இறக்கிவிடுகிறார்கள் என்பது ஆட்சியாளர்களின் ஓயாத குறை. நெல் வரி 1892இல் ஒழிந்தது. ஏலத்துக்கு முந்திய இரவில் ஒரு வீட்டில் கூடி, கோழிக்கறியோடு சாப்பிட்டு, 'இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு' என்று ஸலவாத்துச் சொல்லி எழும்பும் பழக்கம் ஒழிந்ததா என்று சந்தைக் குத்தகை எடுக்கும் சகோதரர்கள் சொல்லலாம். சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். சிறைத்தண்டனையோடு கதை முடியவில்லை. ஏமாந்த மின்சார சபைகளும் நகரங்களும் நட்டஈடு கேட்டு 1,800க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டன. கொம்பனிகளுக்கு அபராதத்தைவிட அதுதான் பல மடங்கு வலித்தது. இன்னொன்றும் நடந்தது, சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு அதுதான் பிடித்தது. தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, 1961 ஏப்ரலில் ஜனாதிபதி கென்னடி ஒரு கட்டளை போட்டார். அரசாங்கத்தின் எந்தப் பிரிவுக்காவது ஒரே மாதிரி விலைமனுக்கள் வந்தால் அதைக் கோப்பில் போட்டு மூடக் கூடாது, சட்டமா அதிபருக்கு அறிவிக்க வேண்டும். அதாவது தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அன்றிலிருந்து அதிகாரியின் கடமையானது.

கேள்விப்பத்திரம், மூன்று விலை, முத்திரை, குழு, கையொப்பம் என்று நம்மிடம் எல்லாம் இருக்கிறது. டீ.வீ.ஏ.யிடம் நம்மைவிடக் கூடவே இருந்தது. அந்த முறை பிடிப்பதற்கென்று இருப்பது ஒருவகைத் திருட்டை. அதிகாரி தன் மச்சானுக்குக் கொந்தராத்து கொடுக்காமல் தடுக்கும். ஆனால் விலை கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து எழுதினால், மூன்று தாள் இருப்பதே அவர்களுக்கு வசதி. ஒரு தாள் என்றால் நாங்கள் சந்தேகப்பட்டிருப்போம். மூன்று இருந்ததால் கையொப்பம் வைத்தோம்.

இப்போது நம் ஊர் விஷயம். பெண்பிள்ளைகளுக்கான மலசலகூடத் தொகுதிக்குப் பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்த பணம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பாடசாலைக்கு வருகிறார்கள் என்பது தாய்மாருக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். அந்தப் பணத்தில் கால் பங்கு கூடிப் பேசிய விலைக்குள் போனால், நான்கு மலசலகூடம் கட்டுமிடத்தில் மூன்றுதான் வரும்.

இரண்டு வாரத்துக்கு முன் விலை கேட்டோம். நான்கு நாளில் மூன்று கொட்டேஷன்கள் வந்தன. மறுபடியும் ஒரே கவரில். கொண்டுவந்து தந்தவர் நமக்கெல்லாம் வேண்டியவர், ரமழானில் பள்ளிக்குக் கஞ்சிச் செலவு கொடுப்பவர், எங்களில் ஒருவருக்குச் சொந்தமும்கூட. 'சேர், வழமைபோலத்தான்' என்றார். அவர் முகத்தைப் பார்த்து மறுப்பது இலேசாக இருக்கவில்லை. அதிபர் கவரைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரமே, 'வாத்திமார் அபிவிருத்தியைத் தடுக்கிறார்கள்' என்று வட்ஸப் குழுவில் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பதிவு அதற்கான பதிலும்தான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மண்டபத்தில். விலை மறுபடியும் கேட்கிறோம். அறிவித்தல் பாடசாலைக் கேற்றிலும், பள்ளிவாசல் பலகையிலும், பக்கத்து ஊர்ப் பலகையிலும் ஒட்டப்படும். விலை கொடுப்பவர் தானே வந்து பெட்டியில் போட வேண்டும். மற்றவர்களோடு பேசி வைத்த விலை இல்லை என்று எழுதிக் கையொப்பமும் வைக்க வேண்டும். 20.5இன் கதையைச் சொல்லிவிட்டு இதைக் கேட்பது வேடிக்கைதான். ஆனாலும் கேட்கிறோம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திறப்போம். திறந்த தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் அறிவித்தல் பலகையில் ஒரு மாதம் குத்தி வைப்போம். இது எங்கள் பெருந்தன்மை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் எப்படியும் தர வேண்டியதுதான், கேட்க முந்தியே தருகிறோம். கொத்தனார்கள், மேசன்மார், ஹார்ட்வெயார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். ஒரு கல்லின் விலை என்ன, ஒரு கியூப் மணலின் விலை என்ன என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பழைய தளபாடக் கோப்பையும் அன்று மேசையில் வைப்போம். டீச்சர் போட்ட மூன்று சிவப்பு வட்டங்களும், கடைசிப் பக்கத்தில் எங்கள் கையொப்பங்களும் அப்படியே இருக்கின்றன. பார்த்துவிட்டு என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் முன்வரிசையில் இருப்போம்.